கொல்லைப்புறத்தில் ஓசனிச்சிட்டுக் கூடல்: ஹூஸ்டன் வட்டாரத்தில் நடத்துவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டுகள் ஆண்டுதோறும் செப்டம்பரில் டெக்சஸ் கடலோரத்தின் வழியாகத் தெற்கு நோக்கி வலசை போகின்றன. ஹூஸ்டனிலும் கேட்டி, சுகர் லேண்ட், பேர்லேண்ட் முதலிய சுற்றூர்களிலும் வசிக்கும் நம் குடும்பங்களில் பலர், அந்த வாரங்களில் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து, கொல்லைப்புறத்தில் அமர்ந்து இப்பறவைகளைப் பார்க்கும் கூடல்களை நடத்த விரும்புகின்றனர். அவர்களுக்கு எழும் கேள்விகளும் விடைகளும் கீழே தரப்பட்டுள்ளன. சர்க்கரைநீர் நிரப்பித் தொங்கவிடும் கலத்தை, கடைகளில் வழங்கும் பெயராலேயே ஃபீடர் என்று குறிப்பிட்டுள்ளோம்.

எந்த வாரத்தில், எந்த நேரத்தில் அழைப்பது நல்லது?

செப்டம்பரின் இரண்டாம், மூன்றாம் வார இறுதிகளே மிக உகந்தவை. வளர்ந்த ஆண் பறவைகள் ஜூலை இறுதியிலிருந்தே கிளம்பத் தொடங்கிவிடும். பெண் பறவைகளும் அந்த ஆண்டில் பிறந்த இளம் பறவைகளும் பின்னால் வரும். ஆகவே எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும் நாள்களில், படங்களில் பார்த்துப் பழகிய செங்கழுத்து ஆண்கள் குறைவாகவே கண்ணில் படும். இதை விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால், "சிவப்பே இல்லையே" என்ற கேள்விக்குக் காலை முழுவதும் விடை சொல்லிக்கொண்டிருக்க நேரும்.

நேரத்தைப் பொறுத்தவரை, பொழுது விடிந்தவுடன் இரண்டு மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் சிறந்தவை. இரவெல்லாம் உண்ணாமல் இருந்த பறவை காலையில் பசியோடு வரும். மாலையில் அடுத்த இரவுக்காக நிரப்பிக்கொள்ள வரும். நண்பகலிலும் சில வரும் என்றாலும், செப்டம்பர் வெயிலில் விருந்தினர்தான் தாக்குப்பிடிக்கமாட்டார்கள். பிள்ளையார் சதுர்த்தி, புரட்டாசிச் சனி, தமிழ்ப் பள்ளித் தொடக்கம் என்று எல்லாமே இந்த வாரங்களை ஒட்டி நெருக்கியடிப்பதால், சனிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அழைத்தால் யார் வருவார்கள் என்று தயங்குவோர் உண்டு. ஒன்பதரை மணிக்குள் முடித்து அனுப்பிவிடுவதாக வாக்களித்துப் பாருங்கள். மாலைக் கூடலைவிடக் கூட்டம் அதிகமாகவே வரும்.

எந்தெந்தப் பறவைகளை எதிர்பார்க்கலாம்?

வருபவற்றில் மிகப் பெரும்பாலானவை செங்கழுத்து ஓசனிச்சிட்டுகளே. எடை சுமார் 3 கிராம். சிறகு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை அடிக்கும். பெண் பறவைக்கும் இளம் பறவைக்கும் முதுகு பச்சை, வயிறு வெளுப்பு, வால் இறகுகளின் நுனியில் வெள்ளைப் புள்ளி. இளம் ஆண்களின் தொண்டையில் ஓரிரு சிவப்பு இறகுகள் மட்டும் முளைத்திருப்பதை, ஃபீடரில் அமர்ந்து தலையைத் தூக்கும் கணத்தில் பார்க்கலாம். அவற்றை இனங்காட்டத் தெரிந்த ஒருவர் கூடலில் இருந்தால் மற்றவர்களின் ஆர்வம் இரட்டிப்பாகும்.

இவற்றுக்கிடையே கருமுகவாய் ஓசனிச்சிட்டும், செம்பழுப்பு நிற ரூஃபஸ் ஓசனிச்சிட்டும் அவ்வப்போது தலைகாட்டும். அந்தி வேளையில் பூக்களின் முன் மிதந்து தேன் குடிக்கும் ஸ்பிங்க்ஸ் அந்துப்பூச்சியைப் பறவை என்று எண்ணி ஆரவாரிப்பதும் வழக்கமாக நடப்பதே. தலையில் உணர்கொம்புகள் தெரிந்தால் அது பூச்சி.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், "இது நம்மூர்த் தேன்சிட்டுதானே?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

இல்லை என்பதே விடை. ஊதாத் தேன்சிட்டும் ஊதாப்பிட்டத் தேன்சிட்டும் வளைந்த அலகால் பூந்தேன் குடிப்பதாலும் வெயிலில் மின்னுவதாலும் ஒன்றுபோலத் தோன்றுகின்றனவே தவிர, அவை வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் கிளையிலோ பூக்காம்பிலோ உட்கார்ந்துதான் குடிக்கும். ஓசனிச்சிட்டுகள் இன்று அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றுக்கு நெருங்கிய உறவு நம்மூரில் உண்டு. ஆனால் அது தேன்சிட்டு அன்று, பனைமரங்களைச் சுற்றிப் பறக்கும் உழவாரன். உழவாரன்களும் ஓசனிச்சிட்டுகளும் ஒரே பெருங்கிளையில் பிரிந்தவை. இதைச் சொன்னவுடன் பெரியவர்கள் நம்ப மறுப்பார்கள்; இரண்டுக்கும் கால்கள் எவ்வளவு குட்டையானவை, நடக்க எவ்வளவு உதவாதவை என்று காட்டினால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

எவ்வளவு முன்னதாக ஏற்பாட்டைத் தொடங்க வேண்டும்?

குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே ஃபீடர்களைத் தொங்கவிட்டிருக்க வேண்டும். முந்தின நாள் வாங்கித் தொங்கவிட்டுவிட்டு மறுநாள் விருந்தினரை அழைப்பவர்கள், வெறும் சிவப்பு பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டியிருக்கும். பறவை நம் கூடலுக்காக வருவதில்லை. பயணத்துக்கான கொழுப்பைச் சேர்க்க வருகிறது. வலசைக்கு முன் 3 கிராம் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்ளும் இப்பறவைகளில் சில மெக்சிகோ வளைகுடாவை ஒரே மூச்சில், சுமார் 800 கிலோமீட்டர் பறந்து கடக்கின்றன. டெக்சஸ் வழியாக வருபவற்றுள் பல கரையை ஒட்டியே மெக்சிகோவுக்குள் இறங்குகின்றன. எப்படிப் போனாலும் எரிபொருள் வேண்டும். எனவே, தொடர்ந்து உணவு கிடைக்கும் இடம் என்று முன்னால் வந்தவை கண்டுகொண்ட தோட்டத்தில்தான் நடமாட்டம் மிகுந்திருக்கும். இந்த ஒன்றை மனத்தில் கொண்டால் மற்ற ஏற்பாடுகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

சர்க்கரைநீர் செய்வது எப்படி? நாட்டுச் சர்க்கரையோ தேனோ சேர்த்தால் இன்னும் சத்தாக இருக்காதா?

ஒரு டம்ளர் சாதாரண வெள்ளைச் சர்க்கரைக்கு நான்கு டம்ளர் தண்ணீர். இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். வெந்நீரில் கலக்கினால் எளிதாகக் கரையும். நன்றாக ஆறிய பிறகே ஃபீடரில் ஊற்ற வேண்டும். மீதியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வரை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி நம்மவர்களிடமிருந்து தவறாமல் வருவது. வெள்ளைச் சர்க்கரை கெடுதல், நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நல்லவை என்று நாம் பழகிவிட்டதால், பறவைக்கும் அதையே கொடுக்க மனம் போகிறது. ஆனால் இவ்விடத்தில் அந்த நல்லெண்ணம் தீங்காகவே முடியும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, ஆர்கானிக் என்று விற்கப்படும் பழுப்புச் சர்க்கரை ஆகியவற்றில் உள்ள இரும்புச்சத்து இப்பறவைகளின் உடலில் தேங்கித் துன்பம் தரக்கூடியது. தேன் கலந்த நீர் விரைவில் புளித்து, பூஞ்சை வளர இடங்கொடுக்கும். பொடித்து விற்கும் ஐசிங் சர்க்கரையில் சோளமாவு கலந்திருக்கும். செயற்கை இனிப்புகளில் எரிபொருளே இல்லை. இப்பறவைகள் நாடும் பூக்களின் தேனில் இருப்பதும் முக்கியமாகச் சுக்ரோஸ்தான்; வெள்ளைச் சர்க்கரையும் அதுவேதான். புரதமும் உப்பும் அவை பிடித்துத் தின்னும் சிறு பூச்சிகளிலிருந்தும் சிலந்திகளிலிருந்தும் கிடைத்துவிடுகின்றன. ஆகவே சத்து சேர்க்கும் பொறுப்பு நம்முடையதன்று.

சிவப்புச் சாயம் கலந்து விற்கும் பொடிகளும் புட்டிகளும் தேவையற்றவை. ஃபீடரின் அடிப்பகுதி சிவப்பாக இருந்தால் போதும்.

ஃபீடரை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஹூஸ்டன் செப்டம்பரில், இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றிக் கழுவுவது கட்டாயம். நாள்தோறும் மாற்றினால் இன்னும் நல்லது. பாதி குடிக்கப்பட்ட கலத்தில் புதுநீரை மேலே ஊற்றி நிரப்புவது கூடாது. நீர் கலங்கியிருந்தாலோ, நூல் போல ஏதேனும் மிதந்தாலோ அது கெட்டுவிட்டது என்று பொருள். பறவை அலகை நுழைக்கும் துளைகளின் உள்விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். கடுகளவில் கரும்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அது பூஞ்சை. வெந்நீரும் சிறு பிரஷும், தேவைப்பட்டால் நீர் கலந்த வினிகரும் வழக்கமான கழுவலுக்குப் போதும். பூஞ்சை பிடித்துவிட்டால் நான்கு லிட்டர் நீருக்குக் கால் கப் பிளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, முழுதாக உலரவிட்டு மீண்டும் நிரப்ப வேண்டும்.

இதைச் செய்ய நேரமில்லாதவர்கள் ஃபீடர் வைக்காமல் பூச்செடி வைப்பதே மேல் என்பது என் கருத்து. அழுக்கு ஃபீடர் பறவைக்குச் செய்யும் கேடு, ஃபீடரே இல்லாததைவிட அதிகம். கழுவ எளிதாக இருப்பதால், தலைகீழாகக் கவிழ்க்கும் புட்டி வகையைவிடத் தட்டு வகையை வாங்குவது நல்லது.

ஒரே ஒரு பறவை மற்ற எல்லாவற்றையும் விரட்டிக்கொண்டிருக்கிறது. என்ன செய்வது?

இது இப்பறவைகளின் இயல்பு. உணவு உள்ள இடத்தை ஒன்று தனதாக்கிக்கொண்டால், அருகிலுள்ள கிளையில் அமர்ந்து காவல் காக்கும். வேறொன்று நெருங்கினால் கீச்சொலியோடு பாய்ந்து துரத்தும். ஒரே பெரிய ஃபீடருக்குப் பதிலாகச் சிறியவையாக மூன்று நான்கு வாங்கி, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாதபடி வீட்டின் முனைக்கு அப்பால் ஒன்று, மரத்துக்குப் பின்னால் ஒன்று என்று பிரித்து வைத்தால், காவற்காரப் பறவையால் எல்லாவற்றையும் காக்க முடியாது. மாறாக, வலசை உச்சத்தில் ஒரே இடத்தில் பல ஃபீடர்களைக் கொத்தாகத் தொங்கவிடுவதும் பயன் தரும்; கூட்டம் மிகுந்துவிட்டால் துரத்துவதில் செலவாகும் ஆற்றல் கட்டுபடியாகாமல் காவலைக் கைவிட்டுவிடும். உண்மையில், துரத்தலைப் பார்ப்பதற்காகவே வரும் விருந்தினரும் உண்டு. காதோரமாக உறுமிக்கொண்டு கடந்துபோகும் அந்தச் சிறகொலி பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

எங்கே தொங்கவிட வேண்டும்?

காலை வெயில் பட்டு, பிற்பகலில் நிழல் விழும் இடம் நல்லது. மூன்று நான்கு மீட்டர் தொலைவில் ஒதுங்கி அமர ஒரு செடியோ மரமோ இருக்க வேண்டும். கண்ணாடிச் சன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் வையுங்கள், அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தொலைவில்தான், வேகமெடுத்துப் பறக்கும் பறவை கண்ணாடியில் மோதிச் சாகும் ஆபத்து மிகுதி. வீட்டுப் பூனையைக் கூடல் நாளில் மட்டுமன்றி, வலசைக் காலம் முழுவதும் உள்ளேயே வைத்திருங்கள்.

எறும்பும் குளவியும் மொய்க்கின்றன. மருந்து தெளிக்கலாமா?

தெளிக்கக் கூடாது. பூச்சிமருந்து பறவையின் உணவையும் பறவையையும் சேர்த்தே கெடுக்கும். எறும்புக்கு, ஃபீடரின் மேல் மாட்டும் சிறு நீர்க்கிண்ணம் போதும். தொங்கும் கம்பியில் எண்ணெயோ வாசலினோ தடவுவது நம் சமையலறைப் பழக்கத்திலிருந்து வரும் யோசனை. அது இறகில் ஒட்டினால் பறவையால் நீக்க இயலாது. தட்டு வகை ஃபீடரில் நீர்மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் தேனீக்கும் குளவிக்கும் எட்டாது. மஞ்சள் நிறப் பூ வடிவங்கள் ஒட்டிய ஃபீடர்களைத் தவிர்த்தால் குளவித் தொல்லை மேலும் குறையும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பெரிய கும்பிடுபூச்சி ஃபீடரில் பதுங்கியிருந்து ஓசனிச்சிட்டைப் பிடித்துத் தின்னக்கூடியது. கண்டால் ஒரு குச்சியில் ஏற்றி வேலிக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

கொசுவுக்கும் இதே விதிதான். விருந்தினர் முழுக்கைச் சட்டை அணிந்து, தோலில் கொசு விரட்டி பூசிக்கொண்டு வரட்டும். பேட்டியோவில் ஒரு மின்விசிறி சுழலட்டும். தோட்டத்தில் புகைமருந்து அடிக்க வேண்டாம்.

எத்தனை பேரை அழைக்கலாம்? எப்படி உட்கார வைப்பது?

சாதாரணக் கொல்லைப்புறத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் போதும். ஃபீடரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நாற்காலிகளை அரைவட்டமாகப் போட்டுவிட்டால், சில நிமிடங்களில் பறவைகள் மனிதர்களைப் பொருட்படுத்தாமல் வரத் தொடங்கும். பேசலாம், கையை வீசிப் பேசுவதும் திடீரென எழுவதும்தான் அவற்றை விரட்டும்.

மிக முக்கியமானது, சூரியன் விருந்தினரின் முதுகுப்பக்கம் இருக்க வேண்டும் என்பது. ஆணின் தொண்டைச் சிவப்பு சாயத்தால் வந்ததன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. எதிர்வெயிலில் பார்த்தால் அதே தொண்டை கறுப்பாகத்தான் தெரியும். பறவை தலையை இலேசாகத் திருப்பும்போது, கறுப்பாயிருந்த இடம் சட்டென்று கனல்போல் சிவந்து மறுபடி அணைவதைக் காண இந்தக் கோணம் இன்றியமையாதது. நாற்காலிகளை முந்தின நாள் அதே நேரத்தில் போட்டுப் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள்.

பைனாகுலர் கட்டாயமில்லை. இருந்தால், இரண்டு மீட்டர் அருகில் உள்ளதையும் தெளிவாகக் காட்டும் வகையாக இருக்கட்டும்.

குழந்தைகளை எப்படி ஈடுபடுத்துவது? கையில் வந்து குடிக்குமா?

வரும், பொறுமை இருந்தால். மற்ற ஃபீடர்களைச் சற்று நேரம் எடுத்துவிட்டு, சிறிய கலம் ஒன்றைக் கையில் ஏந்தி அசையாமல் உட்கார்ந்தால், உச்ச நாள்களில் பறவை விரலில் அமர்ந்தே குடிப்பதுண்டு. ஆனால் பசியோடு வரும் பறவையை நீண்ட நேரம் காக்கவைப்பது முறையன்று. ஐந்து பத்து நிமிடத்தில் ஃபீடர்களைத் திரும்ப மாட்டிவிட வேண்டும்.

சிறுவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கைப்பேசியின் ஸ்லோமோஷனில் நொடிக்கு 240 படங்கள் எடுத்து மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிறகு மேலும் கீழும் அடிக்காமல், படுத்த எட்டு வடிவில் சுழல்வது தெரியும். மற்றப் பறவைகள் பெரும்பாலும் சிறகைக் கீழே அடிக்கும்போது மட்டுமே மேலெழும் விசையைப் பெற, இது சிறகைத் திரும்பக் கொண்டுவரும்போதும் அதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பெறுகிறது. அதனால்தான் ஒரே இடத்தில் மிதக்கவும் பின்னோக்கிப் பறக்கவும் அதற்கு முடிகிறது. குடித்து முடித்து அலகை வெளியே எடுத்தபின், ஒளி ஊடுருவும் மெல்லிய நாக்கு ஓரிரு முறை நீண்டு சுருங்குவதையும் படத்தில் நிறுத்திப் பார்க்கலாம். அந்த நாக்கு உறிஞ்சுகுழல் அன்று. நுனி இரண்டாகப் பிளந்தது. நொடிக்குப் பத்துமுறைக்கு மேல் உள்ளே போய்வந்து தேனை அள்ளுகிறது.

உணவாக என்ன கொடுக்கலாம்?

இட்லியோ பொங்கலோ சுண்டலோ, எதுவானாலும் ஃபீடருக்கு எதிர்ப்பக்கத்தில், முடிந்தால் வீட்டுக்குள் வைத்துப் பரிமாறுங்கள். கேசரியும் பழச்சாறும் திறந்தவெளியில் இருந்தால் குளவிகள் விருந்துக்கு வந்துவிடும்.

பூச்செடிகள் மட்டும் வைத்து நடத்த முடியாதா?

தாராளமாக நடத்தலாம், நான் அதையே விரும்புவேன். டெக்சஸ் மண்ணுக்குரிய டர்க்ஸ் கேப் நம் செம்பருத்தியின் உறவு. முழுதாக விரியாத சிவப்புப் பூக்களோடு நிழலிலும் செழித்து, செப்டம்பர் முழுவதும் பூக்கும். செந்நிற சால்வியாவும், பவள நிறப் பூக்கள் கொண்ட அமெரிக்க ஹனிசக்கிள் கொடியும் நல்ல துணைகள். ஜப்பானிய ஹனிசக்கிள் பரவிப் பிற செடிகளை அமுக்கிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். பூக்களில் மேயும் பறவை ஓரிடத்தில் நிற்காமல் பூவுக்குப் பூ தாவுவதால் படம் எடுப்போருக்குச் சிரமம்; பார்ப்போருக்கு அதுவே இன்பம்.

பறவையைப் பிடித்து அருகில் காட்டலாமா? விழுந்து கிடந்தால்?

பிடிக்கக் கூடாது. 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி, இப்பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும், அதன் இறகையோ கூட்டையோ எடுத்து வைத்துக்கொள்வதும்கூட அமெரிக்காவில் குற்றம். கையெட்டும் தொலைவில் பார்க்க விரும்புவோர், லேக் ஜாக்சன் நகரில் கல்ஃப் கோஸ்ட் பேர்ட் அப்சர்வேட்டரி செப்டம்பரில் நடத்தும் விழாவுக்குச் செல்லலாம். உரிமம் பெற்றவர்கள் பறவைக்குக் கால்வளையம் இட்டு விடுவிப்பதை அங்கே நேரில் காணலாம். தெற்கே ராக்போர்ட் நகரிலும் இதே மாதத்தில் ஓசனிச்சிட்டு விழா நடைபெறுகிறது.

கண்ணாடியில் மோதி விழுந்த பறவையைக் காற்றோட்டமுள்ள சிறு அட்டைப்பெட்டியில், துணியின் மேல் வைத்து, இருட்டாகவும் அமைதியாகவும் விட்டுவிட்டு, உரிமம் பெற்ற வனவிலங்குப் பராமரிப்பாளரை அழையுங்கள்.

குறித்த நாளில் பறவையே வராவிட்டால்?

அதுவும் நடக்கும். வடக்கிலிருந்து இறங்கும் முதல் குளிர்காற்றோடு கூட்டமாக வருபவை, அதே காற்றைப் பிடித்துக்கொண்டு மறுநாளே கிளம்பிவிடக்கூடும். செப்டம்பர் புயல் பருவமும் ஆகும் என்பதால், அழைப்பிலேயே மாற்று நாள் ஒன்றைக் குறித்துவிடுவது விவேகம்.

கூடல் முடிந்தபின் ஃபீடரைக் கழற்றிவிட வேண்டுமா? தொடர்ந்து வைத்தால் பறவை வலசை போகாமல் தங்கிவிடுமாமே?

தங்காது. கிளம்பும் காலத்தை அதற்கு உணர்த்துவது பகற்பொழுதின் நீளமும் உடலின் உள்ளியக்கமுமே. ஃபீடர் அதைத் தடுக்காது. பின்தங்கி வரும் இளம் பறவைகளுக்கு அக்டோபரில் உணவு இன்னும் தேவைப்படும். அதற்குப் பிறகும் ஓரிரண்டு ஃபீடர்களையாவது கழுவி நிரப்பி வைத்திருக்குமாறு சொல்வேன், ஏனெனில் டெக்சஸ் கடலோரத்தில் ரூஃபஸ் ஓசனிச்சிட்டு போன்ற சில மேற்கத்திய இனங்கள் குளிர்காலத்தையே இங்கே கழிக்கின்றன. டிசம்பர் காலையில் உங்கள் ஃபீடரில் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று வந்தால், தேதியோடு படமெடுத்து, கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகம் நடத்தும் இபேர்ட் தளத்தில் பதிந்துவையுங்கள்.